மூன்று விநாடி அமைதி வேண்டும்: சிறு காணொளிகளில் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு காணொளிகளின் வழியே அன்றாட ஆங்கிலம் கற்பித்துவரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் எவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடந்த இரண்டரை ஆண்டுகளாக நாள் தவறாமல் உங்கள் குரலைக் கேட்டு வருகிறேன். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து, கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வயதைக் கடந்த பின் ஆங்கிலத்தில் தொலைபேசி பேச வேண்டிய பொறுப்பு வந்து சேர்ந்தவள் நான். வகுப்புக்குப் போக நேரமில்லாத, பிறர் முன் தவறாகப் பேசிவிடுவோமோ என்று கூசுகிற என்னைப் போன்றவர்களுக்கு, உள்ளங்கைக்குள் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிற உங்கள் பாடங்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே பாடத்தை இருபது முறை கேட்டாலும் நீங்கள் அலுத்துக்கொள்வதில்லை. அந்த நன்றியோடுதான் இம்மடலை எழுதுகிறேன். குறை சொல்வதாகத் தோன்றும் இடங்களிலும் அந்த நன்றி உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், நிலுவைத் தொகை ஒன்றைப் பற்றி விசாரிப்பதற்காக வேறோர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்ததால் தடங்கலின்றிச் சொல்லி முடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் விரைவாக, "பேர் வித் மீ" என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது 'பேர்' மட்டுமே. பெயரைக் கேட்கிறார் என்று எண்ணி என் பெயரைச் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி மீண்டும் அதையே சொன்னார். நான் என் பெயரை இன்னும் உரக்கச் சொன்னேன். அதன்பின் இருவருமே பேசவில்லை. 'சற்றுப் பொறுத்திருங்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் தொடர் அது என்பதை அன்று மாலை தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

தெரியாமல் போனதற்காக நான் வருந்தவில்லை. தேடியபோது முதலில் வந்த இரண்டு காணொளிகளிலும், நான் எப்போதோ இட்ட விருப்பக் குறி சிவப்பாக இருந்தது. அதாவது, அந்தத் தொடரை நான் இருமுறை 'கற்றிருக்கிறேன்'. பார்த்தபோது புரிந்தது; புரிந்த மகிழ்ச்சியில் குறியும் இட்டேன்; ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அது காதிலும் பிடிபடவில்லை, வாயிலும் வரவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தச் சிவப்புக் குறிதான்.

பார்த்தால் தெரிவது ஒன்று, பார்க்காமலே நினைவுக்குக் கொண்டுவர முடிவது வேறொன்று. 2006-ஆம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்து, ஒரு சாராரை அதையே மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரைத் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னே நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும், திரும்பத் திரும்பப் படித்தவர்களிடமே அதிகமாக இருந்தது. காணொளி முடிந்தவுடன் எனக்குள் எழும் 'புரிந்துவிட்டது' என்ற மனநிறைவும் அந்த ஐந்து நிமிட வெற்றியைப் போன்றதுதான் என்று இதை அறிந்தபோது உணர்ந்தேன்.

உங்கள் காணொளிகளில் பெரும்பாலானவை எப்படித் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதல் காட்சியிலேயே ஆங்கிலத் தொடர் பெரிய எழுத்தில் வந்துவிடுகிறது, அடுத்த நொடி அதன் கீழே தமிழ்ப் பொருள், உடனே உச்சரிப்பு, உடனே ஓர் எடுத்துக்காட்டு. நான் யோசிப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. விடை முன்னால் வந்துவிடுவதால் கேள்வியே எழுவதில்லை. இந்த வரிசையை மட்டும் மாற்றும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் சூழலைத் தமிழில் சொல்லுங்கள்: 'தொலைபேசியில் ஒருவரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடி பேசாமல் இருங்கள். பின்னணி இசையையும் அந்த மூன்று விநாடிக்கு நிறுத்திவிடுங்கள். அந்த இடைவெளியில் நான் தவறாகவேனும் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பேன். அல்லது சொல்ல வரவில்லை என்பதையாவது உணர்வேன். அதன்பின் நீங்கள் சொல்லும் விடை, தேடிக்கொண்டிருந்த பொருள் கைக்கு அகப்படுவதுபோல மனத்தில் வந்து அமரும்.

அமைதி விழுந்தால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவார் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்ற கணக்கை வைத்தே உங்கள் உழைப்பு அளக்கப்படுகிறது என்பதும் தெரியும். ஆனாலும் காத்திருப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வழிகள் உண்டு. சுருங்கிக்கொண்டே வரும் ஒரு வட்டம் திரையில் இருந்தால், காணொளி நின்றுவிட்டது என்று எவரும் நினைக்கமாட்டார். யூடியூப் ஷார்ட்ஸில் முன்பு இருந்த ஒரு நிமிட வரம்பு 2024 அக்டோபரில் மூன்று நிமிடமாக உயர்ந்துவிட்ட நிலையில், இடம் போதாது என்ற நெருக்கடியும் முன்போல் இல்லை. இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? அலுவலக அடையாள அட்டையால் கைப்பேசித் திரையின் மேற்பாதியை மறைத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, கீழே தெரியும் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல முயல்கிறேன். அட்டையை விலக்கியதும் விடை தெரிகிறது. நீங்கள் தர வேண்டிய மூன்று விநாடியை அந்த அட்டை எனக்குத் தருகிறது.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது விநாடியில் பத்துச் சொற்கள் என்றால் ஒரு சொல்லுக்கு ஆறு விநாடி. அதற்குள் எழுத்து, ஒலி, பொருள், பயன்பாடு ஆகிய நான்கும் வந்து போக வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மீதே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக நிகழ்ந்து பிறகு மெதுவாகிறது என்பதையும், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நன்றாக நிலைக்கிறது என்பதையும் அவர் அன்றே கண்டார். உங்கள் காணொளிகளில் நேற்றைய சொல் இன்று திரும்பி வருவதே இல்லை. ஒவ்வொரு நாளும் புதிய பத்து. முப்பது நாளில் முந்நூறு சொற்களை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றைக்கூட நான் இரண்டாம் முறை சந்தித்ததில்லை. இன்றைய காணொளியில் புதிய தொடர் ஒன்று, மூன்று நாள் முன்பு சொன்னதில் ஒன்று, சென்ற மாதம் சொன்னதில் ஒன்று என்று மூன்றே மூன்று வைத்தால், எனக்கு அது முப்பதுக்குச் சமம்.

குறைவாகக் கற்பிப்பது தரக்குறைவு ஆகிவிடாது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் குரல் வானொலி, ஆங்கிலம் கற்போருக்கென 1959 அக்டோபர் 19 அன்று ஒரு சிறப்பு ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்கள் மட்டுமே, சிறு வாக்கியங்கள், வழக்கத்தைவிட மெதுவான வாசிப்பு. அந்த எல்லைக்குள் நின்றே உலகச் செய்திகளையும் அறிவியலையும் அது சொன்னது. கேட்பவர் அதே சொற்களைப் புதிய புதிய செய்திகளில் மறுபடி மறுபடி சந்தித்தார். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்து வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலிலும் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களே உள்ளன. அன்றாட வாழ்வுக்கு வேண்டியது பெரும்பாலும் அத்தகைய ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும்போது, ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத சொற்களை 'அட்வான்ஸ்டு வொக்காபுலரி' என்று எங்கள்மீது கொட்ட வேண்டியதில்லை.

இனி, தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் காட்டும் பழக்கம். இது எங்களுக்காக நீங்கள் அன்போடு செய்வது. ஆங்கில எழுத்தைக் கண்டாலே மிரள்பவர்களை அது உள்ளே அழைத்துவந்திருக்கிறது. ஆயினும் 'பேக்' என்று நீங்கள் எழுதும்போது நிகழ்வதைச் சற்று அருகில் வந்து பாருங்கள். பையைக் குறிக்கும் சொல், முதுகைக் குறிக்கும் சொல், பொருள்களைக் கட்டி அடுக்குவதைக் குறிக்கும் சொல், அடுப்பினுள் வைத்துச் சுடுவதைக் குறிக்கும் சொல் என ஆங்கிலத்தில் முற்றிலும் வேறான நான்கு சொற்கள் தமிழ் எழுத்தில் அந்த ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன. மேலங்கிக்கும் வெள்ளாட்டுக்கும் குறியீட்டுக்கும் 'கோட்' ஒன்றே. தமிழில் ஒவ்வொரு வல்லினத்துக்கும் எழுத்து ஒன்றே. அது எங்கே வன்மையாக ஒலிக்க வேண்டும், எங்கே மென்மையாக ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே தீர்மானித்துவிடுகிறது. அதனால் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டிய தேவை தமிழுக்கு எழவில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒலி வேறுபாட்டாலேயே பொருள் மாறிவிடும். எழுத்தை மட்டும் நம்பிப் படித்த நான், ஒரு கூட்டத்தில் ஆட்டைக் குறிக்கும் சொல்லைக் குறியீட்டுக்குச் சொன்னேன் என்று பின்னர் என் தோழி மெல்லச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதற்குத் தீர்வைத் தமிழ் அச்சுலகமே முன்பே கண்டிருக்கிறது. வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நூல்களில் க, ட, த, ப ஆகிய எழுத்துகளின் பக்கத்தில் 2, 3, 4 என்ற சிறு எண்களை இட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டுவது நெடுநாள் வழக்கம். மென்மையாக ஒலிப்பதற்கு 3 என்ற எண். அந்த ஒரே ஓர் எண்ணை நீங்கள் எடுத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அது பழமையாகத் தோன்றினால், மென்மையாக ஒலிக்க வேண்டிய எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். எதுவாயினும், அதை ஒரு காணொளியில் விளக்கிவிட்டு, எல்லாக் காணொளிகளிலும் மாறாமல் கடைப்பிடியுங்கள்.

எழுத்தில் காட்டவே முடியாத ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது பொருளையே மாற்றிவிடும். எடுத்துக்காட்டாக 'ரெக்கார்ட்': பதிவைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் முதல் அசையிலும், பதிவு செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது; எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். தமிழில் இப்படி அழுத்தத்தால் பொருள் பிரிவதில்லை என்பதால், யாரேனும் சொல்லித் தந்தாலொழிய எங்கள் காது அதைக் கவனிக்காது. ஒவ்வொரு புதிய சொல்லுக்கும், அழுத்தம் விழும் இடத்தில் ஒருமுறை கையைத் தட்டிக் காட்டுங்கள், அது போதும்.

நான் நெடுநாள் புரியாமல் தடுமாறியது மரியாதையில். 'அந்த ரசீதை அனுப்புங்க' என்று தமிழில் சொல்லும்போது, கடைசியில் வரும் அந்த 'ங்க' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. 'அனுப்பு' என்பது கட்டளை. 'அனுப்புங்க' என்பது வேண்டுகோள். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் 'யூ' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. நீங்கள் கற்றுத் தந்த சொற்களை அப்படியே கோத்து, 'செண்ட் த ரிசீட் டுடே' என்று ஒருவருக்கு எழுதினேன். என் மனத்தில் அது 'அனுப்புங்க' என்றுதான் ஒலித்தது. அவருக்கு அது 'அனுப்பு' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருடைய பதில் கடுமையாக இருந்ததற்கான காரணம், ஓராண்டுக்குப் பிறகே எனக்கு விளங்கியது.

ஆங்கிலத்தில் மரியாதை வேறிடத்தில் குடியிருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக மாற்றுவதிலும், 'கேன்' என்பதற்குப் பதிலாக 'குட்' என்று ஓரடி பின்வாங்கிக் கேட்பதிலும் அது இருக்கிறது. (அந்தக் 'குட்' நல்லது என்று பொருள்படும் சொல் அன்று, முன்பு சொன்ன எழுத்துச் சிக்கல் இங்கேயும் வந்துவிடுகிறது.) 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்று பள்ளியில் படித்தவர்கள், இப்போது கேட்கும் உதவிக்கு எதற்கு இறந்தகாலம் என்று திகைத்துப்போகிறோம். காலத்தில் தள்ளி வைப்பதுபோலச் சொல்லி, கேட்பவரிடம் ஒரு விலகலைக் காட்டுவதே அங்கு மரியாதை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தத் திகைப்பு தீர்ந்துவிடுகிறது. கட்டளையோடு 'ப்ளீஸ்' சேர்த்தால் போதும் என்று சில காணொளிகள் சொல்கின்றன. சேர்த்தாலும் கட்டளை கட்டளையாகவே நிற்கும் இடங்கள் உண்டு என்பதையும் சொல்லுங்கள். 'எங்கள் ங்க எங்கே போயிற்று?' என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு தொடரே செய்யலாம். தமிழ் அறிந்த ஆசிரியரால் மட்டுமே செய்யக்கூடிய பாடம் அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும், எங்கள் மனத்தில் அந்த 'ங்க' இருப்பது அவருக்குத் தெரியாது.

தலைப்புகளைப் பற்றியும் வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'இனிமேல் ஐ ஆம் ஃபைன் என்று சொல்லாதீர்கள்', 'இப்படிப் பேசினால் சிரிப்பார்கள்', 'வெரி டயர்ட் என்பதை மறந்துவிடுங்கள்' என்றெல்லாம் தலைப்பு வைக்கிறீர்கள். 'ஐ ஆம் ஃபைன்' சரியான ஆங்கிலம்; ஆங்கிலம் பேசுவோர் நாள்தோறும் சொல்வதும்கூட. 'வெரி டயர்ட்' என்பதற்குப் பதிலாக நீங்கள் சொல்லித் தரும் 'எக்ஸாஸ்டட்' என்பதோ சாதாரணக் களைப்பைவிட மிகுதியாக, இனி ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது என்ற அளவுக்குத் துவண்டு போனதைச் சொல்வது. மாலையில் வரும் எளிய அசதிக்கெல்லாம் அது பொருந்தாது. அப்படிப்பட்ட காணொளி ஒன்றைப் பார்த்த மறுநாள், நடைவழியில் எதிரே வந்த மேலாளர் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். வாய்வரை வந்த 'ஐ ஆம் ஃபைன்' என்பதை விழுங்கிவிட்டு, அதைவிடச் சிறந்ததாகச் சொல்லித் தந்த ஐந்தில் ஒன்றை நான் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் கடந்து போய்விட்டார். அதன்பின் சில நாள்கள், அவர் வருவது தெரிந்தால் நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். எங்களுக்குள் ஏற்கெனவே நிறைய அச்சம் இருக்கிறது. பேசத் துணிந்தவர் கையில் இருக்கும் சொல்லைப் பறிக்காமல், 'ஐ ஆம் ஃபைன் சரிதான். இதோ இன்னொன்று' என்று தலைப்பு வைத்தாலும் நாங்கள் வந்து பார்ப்போம்.

மரபுத்தொடர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூனையும் நாயுமாக மழை பெய்வதைச் சொல்லும் தொடரை எத்தனையோ காணொளிகளில் பார்த்துவிட்டேன். இன்றைய பேச்சில் அதைக் கேட்பது அரிது. வழக்கில் குறைந்துபோனவற்றைக் 'கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாகச் சொல்ல வேண்டாம்' என்று பிரித்துச் சொன்னால் போதும்.

உங்களில் ஒருவர், ஒரே ஆளாக இருவராய் நடித்து, தோளில் ஒரு துண்டைப் போட்டால் வாடிக்கையாளர், எடுத்துவிட்டால் அலுவலர் என்று மாறி மாறிப் பேசிக் காட்டுகிறார். 'பிறகு உங்களைத் தொடர்புகொள்கிறேன்' என்று பொருள்படும் 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்ற தொடரை அவரிடம்தான் கற்றேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அதே தொடர் வந்தபோது, அந்தத் துண்டு என் கண்முன் வந்தது. பொருள் உடனே விளங்கியது. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பதோடு சேர்ந்து வந்த தொடர் மனத்தில் தங்கிவிட்டது. பட்டியலில் ஏழாவதாக வந்தது தங்கவில்லை. நான் சொல்ல வந்ததை அவர் ஏற்கெனவே பாதி செய்துகொண்டிருக்கிறார். நடிப்பின் நடுவே, அலுவலர் பதில் சொல்வதற்கு முன் அவர் ஒரே ஒருமுறை நிறுத்தி எங்களைப் பார்த்தால் மீதிப் பாதியும் நிறைவேறிவிடும்.

எந்தெந்தச் சூழல்களைக் காட்டலாம் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. நான் தடுமாறிய இடங்களை மட்டும் அதில் எழுதி வைக்கிறேன். புரியவில்லை என்பதை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கூச்சமின்றிச் சொல்வது எப்படி? பேச்சை இடைமறிக்க வேண்டியிருந்தால் எந்தச் சொல்லோடு தொடங்குவது? ஒருவர் சொன்ன தொகை தவறு என்பதை அவர் மனம் புண்படாமல் எப்படிக் கூறுவது? முடியாது என்பதைப் பணிவாக எப்படிச் சொல்வது? தொலைபேசியில் ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போது, அதை எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி எப்படிக் கேட்பது, அவர் கூட்டிச் சொல்லும் எழுத்துகளில் பகரமா வகரமா என்று ஐயம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது? இவை எதிலும் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. கடைசியாகச் சொன்ன அந்த எழுத்துக் கூட்டும் பாடத்தை மூன்று விநாடி இடைவெளியோடு யாரேனும் செய்து தருவீர்களானால், எழுதும் தாளோடும் அடையாள அட்டையோடும் அன்றே உட்கார்ந்து படிப்பேன். அடுத்து எனக்கு வரவிருக்கும் ஆங்கில அழைப்பு திங்கட்கிழமை காலையில்.

மிக்க நன்றியுடன்,
உங்களிடம் கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தி